கற்கண்டு கொண்டு வர வேண்டும்

எங்கள் உயர்நிலைப் பள்ளியின் பாடகர் குழுவுக்கு இருபத்து மூன்று விதிகள் இருந்தன. அது மலாயாவின் அவசரகாலம், காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளோடு வெள்ளைக்கார அரசு சண்டை போட்ட காலம். தோட்டங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். அரிசியும் சர்க்கரையும் பங்கீட்டில் அளந்து கிடைத்தன. பன்னிரண்டு வயதைத் தாண்டியவர்கள் எங்கே போனாலும் அடையாள அட்டையோடு போனார்கள். எந்நேரம் வெளியே வரலாம், எதைக் கையில் எடுத்துப் போகலாம், எதை எடுத்துப் போனால் ஜெயில் என்பதையெல்லாம் ஒலிபெருக்கி வைத்த வேன் வந்து சொல்லிவிட்டுப் போகும். கோலா சிலாங்கூர் வட்டாரத்தில் இத்தனை விதிகளும் போதவில்லை என்று நினைத்த ஒரே மனிதர் எங்கள் பாட்டு மாஸ்டர்தான்.

அவர் தமிழர். அவருடைய தாத்தா எங்கள் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர், மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர், என்பது ஊருக்கே தெரியும். ஆனால் மாஸ்டர் நேற்றுத்தான் லண்டனிலிருந்து கப்பலில் வந்து இறங்கியவர் போல நடந்துகொள்வார். அவர் வாழ்நாளில் தாண்டிய கடல் பினாங்குக்குப் போகும் ஃபெர்ரி தாண்டுகிற அளவுதான். வெள்ளைக் கால்சட்டை, கழுத்து வரை பவுடர், மடிப்புக் கலையாத கைக்குட்டை. சுருதி பார்க்க ஓர் இரும்புக் கவை வைத்திருந்தார். அதைத் தன் முழங்காலில் தட்டிப் பார்ப்பதுதான் முறை. அவர் எங்கள் முழங்கையில் தட்டுவார். வலிக்கும். வலித்தால் முகம் சுளிக்கக் கூடாது. அதற்கும் ஒரு விதி இருந்தது.

விதிகளை அவரே ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து, கார்பன் வைத்துப் பிரதி எடுத்து, ஒவ்வொரு தாளின் தலையிலும் எங்கள் பெயரைத் தனியாக அடித்துக் கொடுத்தார். பள்ளிக்கூட வாசலுக்குள் நுழைந்தால் தமிழ், மலாய், சீனம் எதுவும் வாயில் வரக் கூடாது. பயிற்சி நாளில் தலையில் தேங்காய் எண்ணெய் வைக்கக் கூடாது. முதல் நாளும் அன்றும் கருவாடு, பூண்டு, பிளாச்சான் என்கிற இறால் விழுது சாப்பிடக் கூடாது. இரண்டரை மணிக்குக் கதவு சாத்தப்படும். தாமதமாக வருகிறவர்கள் வெளியில் நின்று கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம். பாடும்போது மேல்வரிசைப் பற்கள் மட்டும் தெரியும்படி சிரிக்க வேண்டும். இருமல் வந்தால் விழுங்கிவிட வேண்டும். ஒரு பயிற்சிக்கு வராவிட்டாலும் பெயர் அடிக்கப்படும். வராமல் இருக்க வேண்டிய காரணத்தை மூன்று நாள் முன்னதாக எழுத்தில் தெரிவிக்க வேண்டும். வீட்டில் சாவு என்றாலும் அப்படித்தானா என்று ஒரு சீனப் பையன் கேட்டான். "எல்லாக் காரணத்துக்கும்" என்றார் மாஸ்டர். அவர் நகைச்சுவைக்காகச் சொல்லவில்லை. அவருக்கு நகைச்சுவை என்று ஒன்று இருப்பதே தெரியாது.

பதினோராவது விதி தொண்டையைப் பற்றியது. ஒவ்வொருவரும் பயிற்சிக்கு வரும்போது நான்கு கட்டி கற்கண்டும் ஒரு துண்டு இஞ்சியும் சுத்தமான கைக்குட்டையில் முடிந்து கொண்டு வர வேண்டும். பாட்டு தொடங்குவதற்கு முன் அவர் வரிசையாக வந்து கைக்குட்டைகளைப் பிரித்துப் பார்ப்பார். இல்லாதவர்கள் வெளியே.

என்னை அவர் சேர்த்துக்கொண்டது குரலுக்காக இல்லை. நான் உயரமான பெண். எங்கள் அப்பா தோட்ட ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸர், அதாவது டாக்டர் வராத நாட்களில் டாக்டர். அதனால் என்னிடம் நல்ல வெள்ளைக் காலணி இருந்தது. மாஸ்டர் என்னை ஒரு வரி பாடச் சொன்னார். பாடினேன். கவையைக் காதருகே வைத்துக் கொஞ்சநேரம் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு, "இரண்டாவது வரிசை, வலது பக்கம். வாயை மட்டும் திற. சத்தம் வரக் கூடாது" என்றார். என்னைப்போல வாய் திறப்பவர்கள் ஆறு பேர் இருந்தோம். நாங்கள் வாய் மட்டும்தான் திறக்கிறோம் என்பதை வெளியில் சொல்லக் கூடாது என்று ஒரு விதி இருந்தது. நான் சொல்லவில்லை. பாடகர் குழுவில் இருக்கிறேன் என்று தோட்டம் முழுக்கப் பெருமையடித்துக்கொண்டேன். அவரைக் கேவலமாகச் சொல்லும்போது என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

குரல் இருந்தது அவளுக்கு. எங்கள் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், வளர்ந்த பெண். அப்பா ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் பாதைக்குப் போய்த் திரும்பாதவர். அம்மா பால்மரம் வெட்டி அவளை வளர்த்தாள். மாதம் ஒருமுறை பூசை வைக்க வரும் சாமியார், மாதா கோயிலில் அவள் பாடியதைக் கேட்டு, பள்ளிக்கூடத்துக்கு எழுதிப் போட்டு அவளுக்கு இடம் வாங்கிக் கொடுத்தார். நாங்கள் இருவரும் ஒரே வகுப்பு. காலையில் தோட்டத்து லோரியில் பெரிய சாலை வரை வந்து, அங்கிருந்து பஸ் ஏறி டவுனுக்குப் போவோம். லோரியில் அவள் பாடிக்கொண்டே வருவாள், எதையாவது பாடுவாள், டிரைவர் வேகத்தைக் குறைப்பார்.

மாஸ்டர் அவளைப் பாடச் சொல்லிக் கேட்டபோது வாயைத் திறந்தபடி நின்றார். நான் அவரிடம் பார்த்த ஒரே மனித முகம் அது. அரை நிமிடம்கூட நீடிக்கவில்லை. "குரல் பரவாயில்லை. தலையில் என்ன, எண்ணெயா? அடுத்த முறை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வா" என்றார். தனியாகப் பாட வேண்டிய பகுதியை அவளுக்குக் கொடுத்தார். வேறு வழியில்லை, மற்றவர்கள் குரலெல்லாம் அலுமினியத் தட்டை இழுத்தது போல இருந்தது. பாட்டு என்ன பாட்டு? சீமையில் பனி உருகிப் புல் முளைப்பதைப் பற்றியது. பனியைப் பார்த்தவர் யாரும் அந்த அறையில் இல்லை, அவரையும் சேர்த்து.

மாநிலத்துக்கே பெரிய துரை ஒருவர் எங்கள் ஊருக்கு வரப்போகிறார், பள்ளித் திடலில் அவருக்கு வரவேற்பு, அதில் எங்கள் பாட்டு என்று முடிவாகியிருந்தது. மாஸ்டருக்குத் தரையில் கால் பாவவில்லை. செவ்வாய், வெள்ளி என்று இருந்த பயிற்சி வாரம் நான்கு நாளாயிற்று.

அந்தச் சமயத்தில்தான் தோட்டத்தில் கெடுபிடி அதிகமானது. காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போகக் கூடாது என்று, வேலிக்கு வெளியே எந்தத் தின்பண்டமும் எடுத்துப் போகக் கூடாது என்றார்கள். பால் வெட்டப் போகிறவர்கள் காலைப் பசியாறுவதற்கு ஒரு ரொட்டித் துண்டுகூட மடியில் வைத்துப் போக முடியாது. கடையில் டின்னில் அடைத்த சாமான் வாங்கினால், சேர்த்துவைத்துக் காட்டுக்கு அனுப்பிவிடாதபடி அங்கேயே ஓட்டை போட்டுத் தருவார்கள். சர்க்கரை முக்கியமான தடை. கற்கண்டு சர்க்கரை இல்லையென்று யாரும் சொல்ல முடியாது.

அவள் இதை மாஸ்டரிடம் சொன்னாள். நான் பக்கத்தில் நின்றேன். தெரிந்த ஆங்கிலத்தில், மரியாதையாக, "சார், எங்கள் தோட்டத்தில் சாப்பாட்டுச் சாமான் வெளியே கொண்டு வர விடமாட்டார்கள். எனக்குக் கற்கண்டு மட்டும் விட்டுக்கொடுங்கள்" என்றாள்.

மாஸ்டர் கைக்குட்டையால் நெற்றியை ஒற்றிக்கொண்டார். "தோட்டத்து விதி தோட்டத்துக்கு. என் விதி எனக்கு. ஒருத்திக்கு விட்டுக்கொடுத்தால் நாளைக்கு எல்லாரும் வருவார்கள். முடியாவிட்டால் சொல். அந்த இடத்துக்கு ஆள் இருக்கிறது."

ஆள் இல்லை. அவருக்கும் தெரியும். ஆனால் அவளுக்கு அது தெரியாது. பென்சில் பெட்டிக்கு அடியில் கற்கண்டை வைத்து, மேலே காகிதம் போட்டு, அதன்மேல் பென்சில்களை அடுக்கிக் கொண்டுவரத் தொடங்கினாள். வாசலில் இருந்த கிழட்டுக் காவலர் எங்களைப் பிறந்ததிலிருந்து பார்த்தவர். பையைத் திறக்கச் சொல்லமாட்டார்.

கடைசிப் பயிற்சி ஒரு வெள்ளிக்கிழமை. அதற்கு இரண்டு நாள் முன்னால், பத்துக் கல் தள்ளி ஒரு தோட்டத்தில் அங்கத்து மேனேஜர் துரையின் காரைக் கம்யூனிஸ்டுகள் மறித்துச் சுட்டார்கள். துரைக்கு ஒன்றும் ஆகவில்லை. டிரைவருக்குத் தோளில் குண்டு. வெள்ளிக்கிழமை காலை எங்கள் லோரி வாசலுக்கு வந்தபோது கிழட்டுக் காவலர் இல்லை. புதிதாக நான்கு மலாய்க் காவலர்களும், பெண்களைச் சோதிக்க டவுனிலிருந்து வரவழைத்த ஒரு தமிழ்ப் பெண்ணும் இருந்தார்கள். எல்லாரையும் இறக்கினார்கள்.

அந்தப் பெண் முதலில் என்னிடம் வந்தாள். என் காலணியைப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற மண்டோர், எங்கள் தோட்டத்துக் கங்காணி, "டிரெஸ்ஸரு மவ" என்றார்.

"போங்க பாப்பா" என்றாள் அந்தப் பெண். என் பையைத் தொடவில்லை. என் பைக்குள் நான்கு கட்டி கற்கண்டு கைக்குட்டையில் முடிந்து கிடந்தது. அதை ஒளித்துக்கூட வைக்கவில்லை.

அவள் பையைத் தரையில் கொட்டினார்கள். பென்சில் பெட்டியைத் திறந்து காகிதத்தைத் தூக்கியதும் அந்தப் பெண் கையைத் தட்டி ஒரு காவலரைக் கூப்பிட்டாள். கடைசிப் பயிற்சி என்று அவள் அம்மா வழக்கத்தைவிட இரண்டு கட்டி கூடுதலாகப் போட்டிருந்தாள்.

"என்னா இது?"

"கற்கண்டுக்கா. ஸ்கூல்ல கொண்டாரச் சொன்னாங்க. பாட்டு கிளாஸுக்கு."

"பாட்டுப் பாடக் கற்கண்டா? யாருகிட்டடி கத வுடற? யாருக்குப் பாடப் போற, காட்டுக்குள்ள இருக்கிறவனுங்களுக்கா?"

"இல்லக்கா, நெசமாத்தான். வேணுமின்னா கேட்டுப் பாருங்க..." என்று அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

நான் லோரியில் ஏறியிருந்தேன். ஆமாம் அக்கா, என்னிடமும் இருக்கிறது, பாருங்கள் என்று ஒரு வாக்கியம் போதும். சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? என் பையை மடியில் இறுக்கிக்கொண்டு பால் வாளிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் இரண்டாவது முறை என்னைக் கேட்கவில்லை. யாரோ சொல்லி ஓடி வந்த அவள் அம்மாவின் கண்ணெதிரே ஜீப்பில் ஏற்றிக் கொண்டுபோனார்கள்.

இரண்டரை மணிக்குக் கதவு சாத்தப்பட்டது. மாஸ்டர் வருகைப் பதிவைத் திறந்து அவள் பெயரைச் சொன்னார். பேனாவை எடுத்தார்.

"சார், அவளைப் போலீஸ் பிடித்துவிட்டது" என்றேன். என் குரல் அந்த அறையில் கேட்டது அன்றுதான் முதல்முறை. "கற்கண்டு வைத்திருந்ததற்காக."

மாஸ்டர் முகத்தில் பவுடரையும் மீறி ஏதோ ஒரு நிறம் ஏறியது. அவளுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பார் என எதிர்பார்த்தேன். அவர் கேட்டது வேறு.

"என் பெயரைச் சொன்னாளா?"

"பள்ளிக்கூடத்தில் கொண்டு வரச் சொன்னார்கள் என்று சொன்னாள்."

அவர் பேனாவை வைத்தார். எடுத்தார். அவள் பெயரை நேர்கோடாக அடித்தார். பிறகு மிகவும் சாதாரணமான குரலில், விதித்தாளில் எழுத்துப் பிழைகள் இருப்பதாகவும், திருத்திப் புதிதாகத் தரப்போவதாகவும், எல்லாரும் தங்கள் தாளை இப்போதே திருப்பித் தர வேண்டும் என்றும் சொன்னார். தாளை எப்போதும் பாட்டுப் புத்தகத்துக்குள் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. எல்லாரிடமும் இருந்தது. வரிசையாக எழுந்து போய்க் கொடுத்தார்கள். அவர் என்ன செய்கிறார் என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. புரிந்துகொண்டே நானும் எழுந்து போய்க் கொடுத்தேன். கொடுத்துவிட்டு "நன்றி சார்" என்றுகூடச் சொன்னேன்.

அன்று கைக்குட்டைகளை அவர் பிரித்துப் பார்க்கவில்லை. அரசாங்க அலுவலகத்துத் தலைமை கிராணியின், அதாவது பெரிய குமாஸ்தாவின், மகளை அழைத்துத் தனிப்பாட்டைப் பாடச் சொன்னார். அவள் மேலே போக வேண்டிய இடத்தில் கீழே போனாள். "அருமை" என்றார் மாஸ்டர்.

மறுநாள் சனிக்கிழமை, பால் எடை போட்டு முடிந்த நேரம், அவள் அம்மா எங்கள் வீட்டுப் பின்வாசலுக்கு வந்தாள். வேலை உடுப்பைக்கூட மாற்றவில்லை. ரப்பர்ப் பால் காய்ந்து சட்டை விறைத்திருந்தது. அப்பா நாற்காலியில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

"டிரெஸ்ஸரய்யா, ஸ்டேசனுக்குப் போனேன். உள்ள வுடமாட்டேங்குறாங்க. நீங்க ஒரு வார்த்த இங்கிலீசுல சொன்னா கேப்பாங்க."

அப்பா குவளையைக் கீழே வைக்கவில்லை. "அவசரகாலம்மா இது. போலீஸ் விசயத்தில நான் தலையிட முடியுமா? தொரைக்குத் தெரிஞ்சா என் வேல போயிடும். விசாரிச்சிட்டு வுட்டுடுவாங்க. நீ வீட்டுக்குப் போ."

அவள் போகவில்லை. என் பக்கம் திரும்பினாள். "பாப்பா, பாட்டு வாத்தியாரு ஒரு தாளு குடுத்தாரே, அதுல கற்கண்டு கொண்டான்னு எழுதியிருக்கா?"

"இருக்கு. ஆனா எல்லார்கிட்டயும் திருப்பி வாங்கிட்டாரு. என்னோடதும் குடுத்திட்டேன்."

"எம்மவ தாளு வீட்டுலதான் இருக்கு. அவ பேரு அச்சடிச்சு வந்த மொதக் காயிதம்னு நாந்தான் அவளுக்குத் தெரியாம எடுத்து, மாதா படத்துக்குக் கீழ ஒட்டி வெச்சேன். அவ புஸ்தகத்துல தேடிப் பார்த்துட்டு, அப்புறம் செவுத்துல பார்த்துட்டுச் சிரிச்சா. இருங்க."

ஓடிப்போனாள். திரும்பி வந்தபோது அவள் கையில் அந்தத் தாள் இருந்தது. சோற்றுப் பசையால் ஒட்டியிருந்ததால், சுவரின் சுண்ணாம்பும் சேர்ந்து பெயர்ந்து வந்திருந்தது. கடைசிக் கார்பன் பிரதி. எழுத்துகள் பூனை மயிர்போல மங்கலாக இருந்தன. கீழே பெற்றோர் கையொப்பம் போட வேண்டிய இடத்தில் அவளுடைய பெருவிரல் ரேகை. நான் வெளிச்சத்தில் பிடித்துப் பதினோராவது விதியைத் தமிழில் படித்துச் சொன்னேன். இரண்டு முறை படிக்கச் சொன்னாள். தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள்.

பிறகு அப்பாவைப் பார்த்துச் சொன்னாள், சத்தம் போடாமல்: "நேத்து காலைல ஒங்க மவ பைலயும் இருந்திச்சாம் அய்யா. எம்மவ சும்மா சாடையா சொன்னா, ஜீப்புல ஏத்தறப்ப. யாருகிட்டயும் சொல்லாதம்மான்னு சொல்லிட்டுத்தான் போனா. நானும் சொல்லல. சொல்லவும் மாட்டேன்."

அது மிரட்டல் இல்லை. அப்பாவுக்கு அது மிரட்டலாகத்தான் கேட்டது. குவளையை வைத்தார். என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்தேன். உள்ளே போய் வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து, "வா, போவோம்" என்றார். என்னையும் கூட வரச் சொன்னார். ஒரு பெண்ணின் துயரத்துக்காக எழுந்திருக்காத மனிதர், தன் மகளின் பைக்காக எழுந்தார். அவரை நான் நேசித்தேன், இருந்தாலும் இதை எழுதத்தான் வேண்டியிருக்கிறது.

ஸ்டேசனில் இருந்தவன் ஒரு வெள்ளைக்கார அதிகாரி, இளவயது, கழுத்தெல்லாம் வேர்க்குரு. அப்பா தாளை நீட்டி, கைகட்டி நின்று விளக்கினார். அவன் முதலில் அலுப்போடு படித்தான். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தான். பிறகு சிரிக்கத் தொடங்கினான். பக்கத்து அறையில் இருந்த இன்னொரு அதிகாரியைக் கூப்பிட்டு உரக்க வாசித்துக் காட்டினான். மேல்வரிசைப் பற்கள் மட்டும் தெரியச் சிரிக்க வேண்டும் என்பதில் இருவரும் மேசையைத் தட்டினார்கள். சாவை மூன்று நாள் முன்னால் தெரிவிப்பதைப் பற்றி எங்களுக்குப் புரியாத ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். அப்பாவும் அவர்களோடு சேர்ந்து சிரித்தார்.

அவள் அம்மா என் காதில் கேட்டாள்: "ஏம் பாப்பா சிரிக்கிறாங்க?"

"மாஸ்டரைப் பார்த்துச் சிரிக்கிறாங்க."

"எம்மவ உள்ள இருக்காளே, அது தெரியுமில்ல அவங்களுக்கு?"

அதிகாரி தலைமையாசிரியருக்குத் தொலைபேசி போட்டான். தலைமையாசிரியர் மாஸ்டரை அழைத்து விசாரித்திருக்கிறார். மாஸ்டர் அது கட்டாயம் இல்லை, வெறும் ஆலோசனை, பிள்ளைகள் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள் என்று சொன்னாராம். அதிகாரி அதைக் கேட்டு, தாளில் இருந்த "வேண்டும்" என்ற சொல்லைப் பென்சிலால் வட்டம் போட்டுவிட்டு அவளை விடச் சொன்னான்.

அவள் வெளியே வந்தாள். சீருடை கசங்கியிருந்தது. அழுத முகமில்லை. தூங்காத முகம். அம்மா அவள் தலையைத் தடவிப் பார்த்தாள், கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு அதிகாரியின் மேசைக்குப் போய்த் தாளைக் காட்டிக் கை நீட்டினாள். அவன் தலையை அசைத்து அதைக் கோப்புக்குள் வைத்தான்.

"அது எம்மவ பேரு போட்ட தாளுய்யா" என்றாள். யாரும் மொழிபெயர்க்கவில்லை.

திரும்பும் வழியில் பஸ்ஸில் அவளும் நானும் ஒரே இருக்கையில் உட்கார்ந்தோம். அவள் கசங்கிய சீருடையை நீவிவிட்டுக்கொண்டாள். பிறகு, "கேட்ல ஏன்டி ஒண்ணும் சொல்லல?" என்றாள்.

"பயமா இருந்திச்சு."

"எனக்கும்தான்" என்றாள். அவ்வளவுதான். கோபமாகச் சொல்லியிருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

திங்கட்கிழமை, அவசரமாகக் கூட்டிய கூடுதல் பயிற்சியின்போது, மாஸ்டர் அவளைப் பாட்டு அறைக்குக் கூப்பிட்டனுப்பினார். தலைமை கிராணி மகளின் குரலோடு இரண்டு நாள் தனியாக இருந்ததில் அவருக்குப் பயம் வந்திருக்க வேண்டும். எல்லாரும் வரிசையில் நின்றிருந்தோம். அவர் எங்கள் முன்னாலேயே ஆங்கிலத்தில் பெருந்தன்மையாகப் பேசினார். நடந்ததை மறந்துவிடலாம். பயிற்சிக்கு வராததற்கு வருத்தம் தெரிவித்து ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தால் போதும். அவளைத் திரும்பச் சேர்த்துக்கொள்வார்.

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு தமிழில் சொன்னாள்: "தாளை எல்லார்கிட்டயும் வாங்கிட்டீங்களாமே சார். எங்கிட்ட வாங்க முடியாது லா. போலீஸ்ல இருக்கு."

"ஆங்கிலத்தில் பேசு!"

"தமிழ்ல சொன்னதே ஒங்களுக்குப் புரிஞ்சிடுச்சு சார்."

யாரோ சிரித்தார்கள். அவள் கதவைத் திறந்து வெளியே போனாள். மாஸ்டர் கவையால் மேசையைத் தட்டி, "முதல் வரியிலிருந்து" என்றார். நாங்கள் முதல் வரியிலிருந்து தொடங்கினோம். அவளோடு ஒருவரும் வெளியே போகவில்லை. நானும் போகவில்லை. இரண்டாவது வரிசை, வலது பக்கம், வாயைத் திறந்துகொண்டு நின்றேன். திடலில், பெரிய துரை முன்னால், வெள்ளைக் காலணியோடு நிற்க வேண்டும் என்ற ஆசை அப்போதும் எனக்குப் போகவில்லை.

புதன்கிழமை துரை வந்தார். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு கவச வண்டிகள். சாலையில் எங்கேயோ மரம் விழுந்து கிடந்ததாம், வெடி வைத்திருக்கிறார்களோ என்று சோதித்துவிட்டு வரத் தாமதமாகிவிட்டது. நாங்கள் வெயிலில் ஒன்றரை மணி நேரம் மேல்வரிசைப் பற்களைக் காட்டிக்கொண்டு நின்றோம். தலைமை கிராணி மகள் மயக்கம் வந்து ஒருமுறை உட்கார்ந்து எழுந்தாள். துரை இறங்கினார், தலைமையாசிரியரோடு கை குலுக்கினார், மாலையைக் கழுத்தில் வாங்கி உடனே கழற்றிப் பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்தார். ஊரடங்குக்கு முன் கோலாலம்பூர் போய்ச் சேர வேண்டும் என்று யாரோ அவர் காதில் சொன்னார்கள். அவர் எங்கள் பக்கம் தொப்பியைத் தூக்கிக் காட்டிவிட்டு வண்டியில் ஏறிவிட்டார். நாங்கள் நிற்பது பாடுவதற்காக என்று அவருக்குத் தெரிந்திருக்குமா என்பதே சந்தேகம்.

மாஸ்டர் தாளம் காட்டும் கோலைத் தூக்கியபடி நின்றார். வண்டிகள் வாசலைத் தாண்டிக்கொண்டிருந்தன. "பாடுங்கள்!" என்றார். குரல் கம்மியிருந்தது. "பாடுங்கள், பாடுங்கள்!"

பாடினார்கள். சீமைப் பனி, புல்வெளி, குருவி எல்லாம் வந்தது. புழுதி வாய்க்குள் போனது. காலி நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த தோட்டக்காரரும், துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த இரண்டு காவலர்களும்தான் கேட்டார்கள். ஒரு காவலர் கொட்டாவி விட்டார். எனக்கு மாஸ்டர்மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும் என்று பின்னாளில் சிலர் சொன்னார்கள். வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

அவருக்கு அடுத்த ஆண்டே பதவி உயர்வு கிடைத்து, கோலா குபு பாருவில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போனார். வரவேற்பு சிறப்பாக நடந்தது என்று அறிக்கை எழுதியிருப்பார்கள். அந்த மாதிரிக் காரியங்கள் எல்லாம் சிறப்பாகத்தான் நடந்திருக்கும்.

அவள் தொடர்ந்து பள்ளிக்கு வந்தாள். வகுப்பில் வேறு பெஞ்சுக்கு மாறிக்கொண்டாள். என்னோடு சண்டை போடவில்லை, கேட்டால் பதில் சொல்வாள், கணக்குப் பாடத்தில் சந்தேகம் கேட்டால் சொல்லித் தருவாள். லோரியில் பேசாமல் வருவாள். தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கி, தாதிப் பயிற்சிக்குப் பினாங்கு போனாள். நான் தேர்வில் தவறி இரண்டாவது முறை எழுதினேன்.

ஓராண்டு கழித்து அவள் அம்மா இருமலுக்கு மருந்து வாங்க ஆஸ்பத்திரிக்கு வந்தாள். அப்பா உள்ளே இருந்ததால் நான்தான் புட்டியில் மருந்தை ஊற்றி அடைத்துக் கொடுத்தேன். மகளிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது, யாரோ படித்துச் சொன்னார்கள் என்றாள். காசநோய் வார்டில் வேலையாம், சாப்பாடு பரவாயில்லையாம்.

"ஒன்னைய விசாரிச்சிருக்கா பாப்பா."

"என்னன்னு?"

"நல்லா இருக்காளான்னு."

"நல்லா இருக்கேன்னு எழுதச் சொல்லுங்க" என்றேன்.

சரி என்று தலையாட்டிவிட்டு, புட்டியை முந்தானையில் சுற்றிக்கொண்டு லயத்துப் பக்கம் நடந்தாள்.